பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

(இரத்தோட்டைப் பகுதித் தோட்டத் தாய்மாருக்கும் பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களுக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தகப்பன்மார் உள்ளே வந்து உட்காரலாம். இது பொம்பளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. உங்களைப் பற்றியும் ஒரு விஷயம் கொண்டுவந்திருக்கிறேன்.

லயத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குள் போனால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "பச்ச மண்ணும்மா, அதுக்கு என்ன தெரியும்? பால் குடிக்கும், தூங்கும், அழும்." அம்மாயி சொல்வார், அப்பாயி சொல்வார், தாயும் தலையை ஆட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம்மை விடுங்கள், பெரிய பெரிய டொக்டர்மாரே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது, காது சரியாகக் கேட்காது, வலிகூட நம்மைப் போலத் தெரியாது என்றெல்லாம் நம்பினார்கள். கடந்த 50, 60 வருஷ ஆராய்ச்சி அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிட்டது.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது வலியை அடக்கும் மருந்தைப் போதிய அளவு கொடுக்கவில்லை. இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த டொக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர் அதை விடவில்லை. வலி மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு, இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். மருந்து கொடுக்காத குழந்தைகளின் உடம்பு வேதனையில் கொந்தளித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்குத்தான் சிக்கலும் அதிகம். 1987இல் அவர் அதை வெளியிட்ட பிறகுதான் உலகம் வழக்கத்தை மாற்றியது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2ஆம், 4ஆம், 6ஆம் மாதத்தில் கிளினிக்கில் ஊசி போடும்போது பிள்ளையை மாரில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். வலி குறையும் என்று சோதித்தே கண்டிருக்கிறார்கள். வெட்கப்படத் தேவையில்லை, மிட்வைப் அம்மாவிடம் சொன்னால் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பார்.

இனிக் காது. இதைத்தான் நான் இன்றைக்குக் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது.

வயிற்றில் ஏழாம் மாதம் நடக்கும்போதே பிள்ளைக்குக் காது கேட்கிறது. தாயின் நெஞ்சு அடிப்பது கேட்கும். வயிற்றுக்குள் இரைகிற சத்தம் கேட்கும். எல்லாவற்றையும் விடத் தாயின் குரல் கேட்கும், ஏனென்றால் அது உடம்புக்குள்ளாகவே இறங்கி வருகிறது. புள்ளத்தாச்சியாக நீங்கள் மலையில் நிற்கும்போது பக்கத்து நிரைக்காரியோடு பேசியது, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையோடு வாதாடியது, எல்லாம் அதற்குக் கேட்டிருக்கிறது. வார்த்தை புரியாது. குரலின் ஏற்ற இறக்கம் பதிந்துவிடும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் டிகாஸ்பர், பைபர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகள். வாயில் ஒரு சூப்பான். அந்தச் சூப்பானில் இருந்து ஒரு டேப் ரெக்கோடருக்குத் தொடர்பு. குழந்தை சூப்பும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி சூப்பும், இல்லையா? அந்த இடைவெளியை ஒரு மாதிரி வைத்தால் தன் தாயின் குரல் கேட்கும், வேறு மாதிரி வைத்தால் இன்னொரு பிள்ளையின் தாய் பேசுவது கேட்கும். அந்தப் பச்சக் குழந்தைகள் சூப்புகிற தாளத்தையே மாற்றித் தங்கள் தாயின் குரலை வரவழைத்தன! பிறகு 1986இல் இன்னொன்று செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி 6 வாரம் தாய்மார் ஒரே கதையைத் தினமும் இரண்டு தரம் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு வேறு கதையை விட அந்தக் கதையைத்தான் குழந்தைகள் கேட்க விரும்பின. நம் வீடுகளில் கதைப் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். தாலாட்டு இருக்கிறது. பிறக்க முன்பே பாடத் தொடங்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் சிரிக்கட்டும்.

தகப்பன்மாருக்கு ஒரு விஷயம் சொல்கிறேன் என்றேனே. இதே மாதிரித் தகப்பன் குரலை வைத்தும் 1984இல் சோதித்தார்கள். இது அப்பா குரல், அது வேறு ஆண் குரல் என்ற வித்தியாசம் குழந்தைக்குத் தெரிந்தது. ஆனால் அப்பா குரலை அது விரும்பித் தேடவில்லை! கோபப்படாதீர்கள். வயிற்றுக்குள் உங்கள் குரல் அவ்வளவு தெளிவாகப் போயிருக்காது. பிறந்த பிறகு நீங்கள்தான் கடனை அடைக்க வேண்டும். வேலை முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டு, பிள்ளையை மடியில் போட்டு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். என்ன பேசுவது என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எத்தனை கவ்வாத்து வெட்டினேன் என்று சொன்னாலும் அது கேட்கும்.

இன்னொரு சந்தேகமும் நம் பக்கத்தில் உண்டு. கடையில், ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களம், வீட்டில் தமிழ், பிள்ளை குழம்பிப் போகுமோ என்று. பிலிப்பைன்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசுகிற தாய்மாரின் பிறந்த குழந்தைகளைக் கனடாவில் சோதித்து 2010இல் எழுதினார்கள். இரண்டு மொழியையும் குழந்தைகள் ஆசையாகக் கேட்டன, இரண்டும் வேறு வேறு என்றும் பிரித்து அறிந்தன. பயப்பட வேண்டாம்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரு பொம்பளைப் பிள்ளை, நல்ல எடை, நல்ல நிறம். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த அம்மாயிக்குப் பெருமை தாங்காது. "எங்க புள்ள ரொம்ப அடக்கம் நோனா. பக்கத்துக் காம்பிராவுல சண்ட புடிச்சாலும் முழிக்காது. தகரத்துல மழ பெஞ்சாலும் முழிக்காது." நானும் சந்தோஷப்பட்டேன். காதைப் பார்க்க வேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கை தட்டினேன். பிள்ளை கண்ணைச் சிமிட்டினாள். "காது நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் சிமிட்டியது என் கையின் நிழலுக்கும் காற்றுக்கும். சத்தத்துக்கு இல்லை. எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லை. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார்கள். கோயிலுக்கு நேர்ந்தார்கள், நாக்கில் தேன் தடவினார்கள். மூன்று வயது தாண்டித்தான் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். பிறவியிலேயே காது கேட்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று நாங்கள் கொண்டாடிய நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு தாலாட்டும் போய்ச் சேரவில்லை. அந்தப் பிழையில் என் பங்கு பெரியது. அதனால்தான் எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்கிறேன்.

மூன்று வயதில் தெரிந்தால் என்ன, ஆறு மாதத்தில் தெரிந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காது கேளாத பிள்ளைகளைப் பார்த்து 1998இல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 6 மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய பிள்ளைகள், அதற்குப் பிறகு கண்டுபிடித்தவர்களைவிட மொழியில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். மூளை மொழியைப் பிடித்துக்கொள்கிற காலம் அது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா என்ற பள்ளி காது கேளாத கைக்குழந்தைகளைத் தாயோடு சேர்த்தே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. பள்ளிக்கூட வயது வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை.

ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒன்றோ இரண்டோ இப்படிப் பிறக்கும். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த வீட்டில், குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால், குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காது கேளாத குழந்தையும் அழும், 'ஆ ஊ' என்று சத்தம் போடும். அதை வைத்து ஏமாறக் கூடாது. வீட்டில் நீங்களே பார்க்கலாம். கதவு படாரென்று சாத்தினால் பிறந்த பிள்ளை திடுக்கிட வேண்டும். மூன்று மாதத்தில் உங்களைப் பார்க்காமலே உங்கள் குரலுக்கு அழுகை அடங்க வேண்டும். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் தலை திரும்ப வேண்டும். பார்க்கும்போது பிள்ளையின் பின்பக்கமாக நின்று பாருங்கள், என்னைப் போல முகத்துக்கு நேரே தட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே டொக்டரிடம் சொல்லி, காது பரிசோதனைக்குத் துண்டு கேளுங்கள். "பொறுத்துப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதீர்கள். இன்னொன்று, காதுக்குள் எண்ணெய் விடுவதை விட்டுவிடுங்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த பிள்ளைக்குத் தூரத்தில் இருப்பது மங்கல்தான். ஆனால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில், அதாவது 20இல் இருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியும். பிள்ளையை மாரில் போட்டுக் குனிந்து பாருங்கள். உங்கள் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கும்! 1975இல் அமெரிக்காவில் பிறந்து பத்து நிமிஷம் ஆன குழந்தைகளின் முன்னால் முகம் வரைந்த அட்டையை மெதுவாக நகர்த்தினார்கள். கண், மூக்கு, வாய் இடம் மாறிக் கிடந்த அட்டையைவிட முகம் இருந்த அட்டையைத்தான் குழந்தைகள் அதிகமாகக் கண்ணால் தொடர்ந்தன. ஆகையால் பால் கொடுக்கும்போது போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள் தங்கச்சி. கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம், சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூக்கின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1994இல் பிறந்தவுடன் 30 குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் குப்புறப் போட்டார்கள். ஒரு பக்க மார்பை மட்டும் கழுவியிருந்தார்கள். 22 குழந்தைகள் கழுவாத பக்கத்தையே தேடிப் பிடித்தன. தாயின் வாசனைதான் அதற்கு வழிகாட்டி. மலையில் இருந்து வந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், படங்கையும் ஈர உடுப்பையும் மாற்றுங்கள், மருந்து அடித்த மலையில் நின்றிருந்தால் குளித்துவிடுங்கள். மற்றபடி ஒவ்வொரு தரமும் மாருக்குச் சவர்க்காரம் போடத் தேவையில்லை.

வாசனை, சூடு, நெஞ்சு அடிக்கிற சத்தம், இந்த மூன்றும் ஒரு எடை குறைந்த பிள்ளையைக் காப்பாற்றும் என்று சொன்னால் நம்புவீர்களா? நம் தோட்டப் பகுதிகளில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம். அதனால் இது நம் கதை. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970களின் கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளை வைக்கச் சூட்டுப் பெட்டி போதவில்லை. எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரண்டு டொக்டர்மார் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி கட்டிவைத்தார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருக்குமே, அதைப் பார்த்துக் கங்காரு முறை என்று பெயர் வந்தது.

முதலில் வசதி இல்லாத இடத்து வைத்தியம் என்றுதான் பலர் நினைத்தார்கள். பிறகு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய 5 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், புதுடில்லியின் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று, 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3211 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். உடல்நிலை நிதானமான பிறகு கங்காரு முறைக்கு எடுத்த பிள்ளைகளில் முதல் 28 நாளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் இறந்தார்கள். பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தவர்களில் 12 பேர். 2021இல் இந்த முடிவு வந்தது. அது ஆஸ்பத்திரியில், டொக்டர்மார் பக்கத்தில் இருந்து செய்தது என்பதை மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகும் இதைத் தொடரலாம், எப்படிக் கட்டுவது என்று வாட்டிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தலையணையில் சாய்ந்து உட்கார வேண்டும், பிள்ளையின் மூக்கு மூடக் கூடாது. ரிவஸ்டன் பக்கமிருந்து குளிர் காற்று இறங்குகிற மார்கழி, தையில் அடுப்படிப் புகைக்குள் பிள்ளையைக் கிடத்திச் சூடு காட்டுவதைவிட இது எவ்வளவோ நல்லது. தாய் களைத்துப் போனால் தகப்பனும் சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அழுகை. பால்மாப் பேணி வீட்டுக்குள் நுழைவது அநேகமாக இந்த வாசல் வழியாகத்தான்.

பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை டொக்டர் 1962இல் தாய்மாரிடம் தினமும் குறித்துவைக்கச் சொல்லி ஒன்றைக் கண்டார். பிறந்த குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டு போகிறது, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது, மூன்று மாதமளவில் தானாகவே குறைகிறது. அதுவும் அந்தி நேரத்தில்தான் அதிகம். நன்றாகப் பால் குடித்து வளர்கிற பிள்ளையும் இப்படி அழும். நம் லயத்தில் என்ன நடக்கிறது? ஆறாம் வாரம், அந்தி ஆறு மணி, பிள்ளை வீரிட்டு அழுகிறது. "உனக்குப் பால் பத்தல, அதான் கத்துது." மாமியார் சொல்வார், பக்கத்துக் காம்பிரா அக்காவும் சொல்வார். அடுத்த நாள் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு பால்மாவுக்குப் போய்விடும். போத்தல் வந்தால் பிள்ளை மார் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் உண்மையாகவே குறையும். பிறகு, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று வரும்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தரமோ அதற்கு மேலோ மூத்திரம் போகிறதா, கார்டில் எடைக் கோடு மேலே ஏறுகிறதா, இரண்டையும் பாருங்கள். சரியாக இருந்தால் பால் போதும். பசியைப் பிள்ளை அழ முன்னமே சொல்லும். கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், உதட்டைச் சப்பும். அப்போதே தூக்கிவிடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், விரலை விரித்தால், கொட்டாவி விட்டால், போதும் என்னை விடு என்று சொல்கிறது. காய்ச்சலோடு அழுதால், பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தால், அது வேறு. உடனே ஆஸ்பத்திரி.

பிரசவ லீவு 12 வாரம். முன்பெல்லாம் மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதிதான் கிடைத்தது; 2018ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 12 வாரம்தான். இதில் 2 வாரம் பேறுகாலத்துக்கு முன்னம் போனால் பத்து வாரப் பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் கூடையைத் தூக்க வேண்டும். அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிற நேரம்! மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்க இரண்டு இடைவேளை. பிள்ளை மடுவம் இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். அதற்காகப் பேரைக் குறைக்க முடியாது. தூரத்து மலையில் நிற்கிறவர்கள் பாலைப் பிழிந்து மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம், நான்கு மணித்தியாலம் கெடாது. மடுவத்துத் தங்கச்சி அதைக் கோப்பையால் கொடுப்பார், போத்தல் வேண்டாம்.

மடுவத்துத் தங்கைமாரே, உங்களிடம் பத்துப் பிள்ளைகள் இருக்கும், நேரம் இருக்காது. துணி மாற்றும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்துக்குக் கிட்டக் குனிந்து பேசுங்கள். துணி எப்படியும் மாற்றத்தானே வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் "அடக்கமாக" இருந்தால் அந்தத் தாயிடம் அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.

தேத்தண்ணி வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் நீலக் கார்டையோ ரோஸ் கார்டையோ எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வாருங்கள். காதைப் பற்றிய கேள்விகள் அதில் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிறேன், ஒவ்வொரு பிள்ளையையும் பின்பக்கம் நின்று பார்ப்போம்.